ஏறினால் சொல்லக் கூடாது

எங்கள் வீட்டுக்காரர் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது கைபேசியைத்தான். பல் துலக்குவது, ஜெபம் சொல்வது, பக்கத்தில் ஒருத்தி படுத்திருக்கிறாளா எழுந்துவிட்டாளா என்று பார்ப்பது எல்லாம் அதற்குப் பிறகு. எங்கள் ஓய்வுக்காலத்துக்காக மியூச்சுவல் ஃபண்டுகளில் போட்டுவைத்திருக்கிற பணமெல்லாம் சேர்ந்து நேற்று வரை எவ்வளவு ஆகியிருக்கிறது என்று அதிலுள்ள ஒரு செயலி காட்டும். கூடியிருந்தால் பச்சை, குறைந்திருந்தால் சிவப்பு. பச்சை என்றால் அன்று காப்பி அவர் போடுவார். சிவப்பு என்றால் நானே போட்டு, அவருக்கும் கொடுத்து, முகத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவரைக் குறை சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சொல்கிறேன். ஆனால் காரணம் இருக்கிறது. நான் ஒரு மிஷன் பள்ளியின் சுயநிதிப் பிரிவில் அறிவியல் டீச்சர். அவர் அவனியாபுரத்தில் வண்டி உதிரிபாகம் விற்கிற கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவர். இரண்டு பேருக்குமே பென்ஷன் கிடையாது. மகள் கல்யாணத்தை முடித்து நிமிர்ந்தபோது கையில் பெரிதாக ஒன்றுமில்லை. அன்றிலிருந்து மாதாமாதம் இரண்டு சம்பளத்திலிருந்தும் தவணை போகிறது. என் சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும். கோச்சடையில் சொந்த வீடு இருக்கிறது என்பதால் மீதியில் சமாளிக்கிறோம்.

அவர் பேரையூர்ப் பக்கத்து ஆள். மழையை நம்பி விதைக்கிற காடு. என் மாமனார் சாயங்காலமானால் வரப்பில் நின்று மேற்கே பார்ப்பார். மேகம் இருந்தால் வீட்டுக்குள் பேச்சுச் சத்தம் கேட்கும், இல்லையென்றால் சட்டி பானைச் சத்தம்தான் கேட்கும். நான் மருமகளாகப் போன புதிதில் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அதே நிற்பு, அதே கழுத்துச் சாய்ப்பு, இப்போது எங்கள் மாடி வெளிச்சத்தில் கைபேசியோடு நிற்கிறது. பார்த்தால் மட்டும் வளர்ந்துவிடுமா என்று ஒரு தடவை கேட்டேன். பார்க்காமல் விட்ட காட்டில் பன்றி புகுந்துவிடும் என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது.

அந்தப் பணத்தை நான் எதிர்பார்க்க ஆரம்பித்ததற்குக் காரணம் என் தொண்டை. ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகள். தலைக்கு மேலே கடகடக்கிற மின்விசிறி. ஜன்னலுக்கு வெளியே பைபாஸ் ரோட்டு லாரிகள். இத்தனையையும் தாண்டி ஒளிச்சேர்க்கை கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் கத்தத்தான் வேண்டும். இருபத்து சொச்சம் வருஷம் கத்தினேன். முதலில் சாயங்காலம் கரகரத்தது, பிறகு மத்தியானமே கரகரத்தது. கோவில் பாடகர் குழுவில் மேல் ஸ்தாயி எடுக்கிற நான், ஒரு ஞாயிற்றுக்கிழமை வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்திலிருந்தவள் என் இடுப்பில் இடித்து, ஏன் பாடவில்லை என்று கண்ணால் கேட்டாள்.

தொண்டை டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்தார். குரல்நாணில் இரண்டு பக்கமும் காய்ப்பு மாதிரி முடிச்சு விழுந்திருக்கிறதாம். மண்வெட்டி பிடித்த கையில் விழுமே, அது மாதிரி. வெட்டி எடுத்தாலும் மறுபடி போய்க் கத்தினால் மறுபடி வரும், ஒரு கட்டத்தில் குரல் நிரந்தரமாகப் போய்விடலாம் என்றார். சீக்கிரம் வகுப்பை விட்டு வெளியே வரப் பாருங்கள் என்று எழுந்து நின்று சொன்னார். நான் பயந்துபோய்விட்டேன். வாய் பேசித்தான் நான் பிழைத்தேன், வாய் பேசித்தான் வம்பும் வாங்கினேன், அது இல்லாமல் என்னை எனக்கே அடையாளம் தெரியாது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வண்டியின் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டு வந்தேன். அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார் போல, வண்டியை மெதுவாக ஓட்டினார்.

சரி, வேலையை விடு என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? அதுதான் இல்லை. அவரிடம் ஒரு தொகை இருந்தது. அதைத் தொட்டால்தான் என் சம்பளம் இல்லாமல் கடைசிவரை சமாளிக்கலாம் என்பது அவர் கணக்கு. முதலில் அது ஐம்பது லட்சமாக இருந்தது. ஐம்பதைத் தொட்டபோது நான் கேசரி கிண்டினேன். கேசரியைத் தின்றுகொண்டே, விலைவாசி போகிற போக்கில் அறுபத்தைந்து ஆனால்தான் சரி வரும் என்றார். அறுபத்தைந்து ஆனபோது ஆஸ்பத்திரிச் செலவு என்று ஒரு புதுக் கணக்கு வந்தது, எண்பது ஆயிற்று. அந்த முறை நான் கேசரி கிண்டவில்லை. கரண்டியைத் தூக்கித் தொட்டியில் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

டாக்டரிடம் போய்வந்த அன்று அவரே என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“எண்பதுக்கு மேல கூட்ட மாட்டேன், டீச்சர். சத்தியமா. தொட்டா தொட்ட அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டு வந்துரு. என்னையக்கூடக் கேக்க வேணாம்.”

கோபம், கொஞ்சல் இரண்டுக்கும் அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். இது எந்த வகை என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் சொன்னதைப் பிடித்து வைத்துக்கொண்டேன்.

இனி தவக்காலத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை கறி மீன் கிடையாது. இவர் ஆட்டுக்கறி என்றால் உயிரை விடுகிறவர். அந்த நாற்பது நாளும் கறிக்கடை இருக்கிற தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போவார். கறி இல்லாத ஏக்கத்தையெல்லாம் கைபேசியில் தீர்த்துக்கொள்வார். போன வருஷத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் கோவிலில் சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தது. இயேசு மூன்றாம் முறை கீழே விழுகிறார் என்று சாமியார் வாசிக்கிறார், எல்லோரும் முழங்காலில் இருக்கிறோம், இவர் மட்டும் குனிந்து சட்டைப்பைக்குள் எதையோ பார்த்துவிட்டு, நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி “போச்சு” என்றார். முன்னால் இருந்த பெரியம்மா திரும்பிப் பார்த்தார். அவ்வளவு பக்தியா என்று நெகிழ்ந்து அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நான் தரையைப் பார்த்தபடி சாமியிடம் மன்னிப்புக் கேட்டேன், இரண்டு பேருக்குமாகச் சேர்த்து.

அதனால் இந்த வருஷம் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்த கையோடு சொல்லிவிட்டேன். கறியை விடுவதெல்லாம் ஆண்டவருக்குப் பழகிப்போயிருக்கும், உண்மையிலேயே வலிக்கிற எதையாவது விடுங்கள், அந்தச் செயலியை விடுங்கள் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஆனால் மனிதர் பக்திமான். ஒரு முழுநாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. காட்டைப் பார்க்க ஆளில்லாமல் விட முடியாது, யாராவது பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆகவே செயலியைத் தன் கைபேசியிலிருந்து அழித்துவிட்டு என் கைபேசியில் ஏற்றிக் கொடுத்தார். இனி தினமும் காலையில் நான் பார்க்க வேண்டும்.

அதற்கு அவர் போட்ட சட்டம்தான் வேடிக்கை.

“எழுபதுக்குக் கீழ போச்சுன்னா அப்பவே சொல்லிரு. ஏறினா மட்டும் சொல்லாத.”

ஏன் என்றேன். ஏறியது என்று கேட்டால் சந்தோஷமாக இருக்கும், தவக்காலத்தில் அந்தச் சந்தோஷம்தான் கூடாது, அதற்காகத்தானே விடுவது என்றார். எவ்வளவு ஏறினாலுமா என்றேன். எவ்வளவு ஏறினாலும், மூச்சு விடக்கூடாது என்றார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அன்று தொகை எழுபத்தாறும் சில்லறையும். எண்பது என்பது அடுத்த வருஷத்துப் பேச்சு என்று இரண்டு பேருமே நினைத்திருந்தோம். அதனால் அந்தச் சட்டத்தில் இருக்கிற ஓட்டை அப்போது இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை.

அவர் கடுமையாகத்தான் இருந்தார், அதைச் சொல்ல வேண்டும். தினசரியில் வணிகப் பக்கத்தை நான் உருவி எடுத்த பிறகுதான் தொடுவார். டீக்கடையில் டிவி ஓடினால் முதுகைக் காட்டிக்கொண்டு குடிப்பார். அலுவலகத்தில் யாரும் தன் காதுபடச் சந்தையைப் பற்றிப் பேசக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தார். அவர்களுக்கு இது மாலை போட்ட மாதிரி தெரிந்திருக்கிறது. அவரை “சாமி” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சாமி, பில்லில் கையெழுத்துப் போடுங்க. சாமி, இன்னைக்குச் சந்தை, ஐயோ மன்னிச்சுக்கங்க சாமி. தினமும் வந்து சொல்லிச் சிரிப்பார். காப்பியும் தினமும் அவரே போட்டார். பச்சையா சிவப்பா என்று தெரியாததால் எல்லா நாளும் ஒரே மாதிரி விடிந்தது. இப்படி ஒரு மனிதரோடு வருஷம் முழுக்க இருக்கலாமே என்று நினைத்தேன்.

நான் காலையில் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கைபேசியைப் பைக்குள் போட்டுவிடுவேன். எழுபத்தாறு எழுபத்தேழு ஆயிற்று. எழுபத்தெட்டும் ஆயிற்று. நான் கண்டுகொள்ளவில்லை. நாலாவது வாரத்தில் ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூட வேன் வருவதற்கு முன் வாசலில் நின்றபடி திறந்தேன். எண்பது லட்சத்துச் சொச்சம். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். எண்பதுதான். பச்சைப் பசேலென்று இருந்தது.

அவர் உள்ளே தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று கால் திரும்பிவிட்டது. ஏறினால் சொல்லக் கூடாது. அந்த விரதத்தை எடுக்க வைத்தவளே நான், நானே உடைப்பதா? “வாரேங்க” என்று மட்டும் சொன்னேன். அதுவும் பாதிதான் வெளியே வந்தது. வேனில் உட்கார்ந்து வைகைப் பாலம் தாண்டுகிற வரைக்கும் சிரிப்பும் அழுகையுமாக எனக்குள் ஒரே கலவரம்.

முதல் பாடவேளையிலேயே குரல் உடைந்தது. ஒரு பெண்பிள்ளை எழுந்து வந்து, டீச்சர் நீங்க போர்டுல எழுதுங்க, நான் சத்தமா வாசிக்கிறேன் என்று சொல்லி வாசித்தாள். அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று. தொட்ட அன்றைக்கே எழுதிக் கொடு, என்னைக்கூடக் கேட்க வேண்டாம் என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. இடைவேளையில் தலைமையாசிரியரான சிஸ்டரிடம் போய், இந்தக் கல்வியாண்டோடு நின்றுகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சிஸ்டர் படித்துவிட்டு, வீட்டில் தெரியுமா என்றார். சொல்லக் கூடாது என்று சட்டம் இருக்கிறது சிஸ்டர் என்றேன். என்ன சட்டம் என்று கேட்டார், முழுக் கதையும் சொன்னேன். கன்னியாஸ்திரியிடம், அதுவும் தவக்காலத்தில், எப்படி மறைப்பது? அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில், கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன், புனித வாரம் வரை பாருங்கள், மனசு மாறினால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு வேறு ஆள் பார்த்துவிடுவேன் என்றார்.

வந்தது வினை. மறுநாளே தொகை இறங்க ஆரம்பித்தது. எண்பது எழுபத்தொன்பதாயிற்று. அடுத்த வாரம் எழுபத்தெட்டைத் தொட்டது. காலையில் ஒரு நிமிஷம் பார்த்துவந்த நான், ஆசிரியர் அறையில் பார்க்க ஆரம்பித்தேன், வேனில் பார்த்தேன், பால் பொங்கி வழிய வழிய அடுப்படியில் நின்று பார்த்தேன். அந்தத் தொகை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் மாறும் என்று தெரிந்தும் பார்த்தேன். சிலுவைப்பாதையில் முழங்காலிட்டபடி கைப்பைக்குள் எட்டிப் பார்த்தபோது, பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்காரர் புனிதர் மாதிரி ஒரு பார்வை பார்த்தார். தரையோடு தரையாகப் போய்விடலாம் போலிருந்தது. இத்தனை வருஷமும் அவரை என்ன கேலி பண்ணியிருக்கிறேன்! ஒரு மாதம் காட்டுக் காவல் பார்த்ததற்கே எனக்குத் தூக்கம் போயிற்று.

ராஜினாமா என்பது விளையாட்டா? எண்பது இல்லையே. என் சம்பளமும் நின்று, பணமும் இறங்கிக்கொண்டே போனால்? அவருக்குத் தெரியாமல் நானாக எழுதிக் கொடுத்தது துரோகமாகாதா? புனித வாரத்துப் புதன்கிழமை முடிவு பண்ணிவிட்டேன். கடிதத்தைத் திரும்ப வாங்கிவிடுவது. இன்னும் ஒரு வருஷம் வெந்நீரும் மிட்டாயுமாக ஓட்டிவிடலாம். சிஸ்டர் அறை வாசலில் போய் நின்றேன்.

“மனசு மாறிருச்சா, டீச்சர்?”

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முயன்றேன். காற்று. மூன்றாம் முறையும் அப்படியே. சிஸ்டர் எழுந்து பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கிற வரை நின்றார்.

“சரி. மாறலன்னு எடுத்துக்கிறேன்” என்றார்.

இழுப்பறையைப் பூட்டிவிட்டு ஜெபத்துக்குப் போய்விட்டார். நான் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நியாயமாகப் பார்த்தால் பதற வேண்டும். எனக்கு என்னமோ பாரத்தை இறக்கிவைத்த மாதிரிதான் இருந்தது.

ஈஸ்டர் காலைப் பூசை முடிந்தது. நாற்பது நாள் கழித்துக் குக்கரில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. வீடே மணக்கிறது, அவர் குக்கர் பக்கம்கூடத் திரும்பவில்லை. கையை நீட்டினார். கைபேசியைக் கொடுத்தேன். திறந்தார். எழுபத்தெட்டும் சில்லறையும், பச்சை.

முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பார்க்காமல் விட்டதிலேயே இரண்டு லட்சம் ஏறியிருக்கிறதே என்றார். இன்னும் ஒரு வருஷம்தான், ஒரே ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொள், அடுத்த ஈஸ்டருக்கு நீ வீட்டில் இருப்பாய் என்று என் தோளைத் தட்டினார். பாவமாக இருந்தது. ஆனால் இதற்கு மேல் வைத்திருக்க முடியாது.

இருக்கிற குரலையெல்லாம் கூட்டிச் சொன்னேன். “எண்பது தொட்டுச்சுங்க. நாலாவது வாரம். அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டேன்.”

அவருக்குக் கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. செயலியில் ஏற்ற இறக்கம் காட்டுகிற கோட்டை எடுத்தார். விரலை வைத்துப் பின்னோக்கி நகர்த்திக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. கோடு அங்கே உச்சிக்குப் போய்விட்டு இறங்கியிருந்தது. விரலை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குக்கர் விசில் அடித்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். சட்டம் போட்டவர் தாமே என்பது கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

“எம்புட்டு சேந்தாலும் பயமாத்தான் இருக்கு எனக்கு. எங்கப்பா அம்புட்டு நாள் வானத்தப் பாத்துட்டு, கடைசியில மருந்துக்குக் காசில்லாமப் போனாரு. எண்பது வந்துருந்தாலும் நான் நூறுன்னுதான் சொல்லிருப்பேன்.”

முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை நான் அன்றுதான் கேட்டேன். எத்தனை தடவை அவரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன், இதை ஒரு தடவை சொல்லியிருந்தால் கரண்டியை விட்டெறிந்திருக்க மாட்டேனே. எனக்கும் பயம்தான் என்று சொல்ல வந்தேன். பயமாக இருந்தாலும் என் குரலாவது மிஞ்சட்டும் என்று சொல்ல வந்தேன். இன்னும் என்னென்னவோ. ஒன்றும் வெளியே வரவில்லை. எலி கீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு நிமிர்ந்தார். கொஞ்ச நேரம் என் கழுத்தையே பார்த்தார். பிறகு கைபேசியில் எதையோ தேடினார். எட்டிப் பார்த்தேன். மாதாமாதம் என் சம்பளத்திலிருந்து போகிற தவணை. மகள் கல்யாணம் முடிந்த மாதத்திலிருந்து, கொரோனாவில் பாதிச் சம்பளம் வந்தபோதுகூட, ஒரு மாதம் நிற்க விட்டதில்லை அவர். உறுதியாக நிறுத்திவிடவா என்று செயலி கேட்டது. கட்டைவிரலால் அழுத்தினார். நிறுத்தப்பட்டது என்று வந்ததும் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்று மறுபடியும் வாயைத் திறந்தேன்.

“வாய மூடு, டீச்சர்” என்றார். “இனிமே ஆறு மாசத்துக்கு நீ பேசவே கூடாது. கறி நான் எறக்குறேன்.”

எழுந்து அடுப்படிக்குப் போனார். கல்யாணமான நாளிலிருந்து என்னை எத்தனையோ தடவை வாயை மூடச் சொல்லியிருக்கிறார். நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.